அக்காவின் குதிரையும் தம்பியின் பிளாஸ்மா கட்டரும்

அசையாதார் தன் புது பிளாஸ்மா கட்டரின் விசையை முதன்முதலாக அழுத்திய ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு, இரும்புத் தகட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டு விழுந்தது. அதே நொடியில் வீட்டில் ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, மனைவி பார்த்துக்கொண்டிருந்த தொடரில் ஒரு மாமியார் திறந்த வாய் திறந்தபடியே மறைந்துபோனாள். சுவருக்கு அந்தப் பக்கம், அக்கா வீட்டில் ஓடிக்கொண்டிருந்த எம்பிராய்டரி மிஷின் ஒரு குதிரையின் பாதி வயிற்றில் நின்றது.

காரணம் விதியல்ல, மின்வாரியமும் அல்ல. கட்டரையும், அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரையும் சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, அந்தப் பெட்டியின் வயரைச் சமையலறை மிக்ஸி பிளக்கில் கொண்டுபோய்ச் சொருகியிருந்தவர் அசையாதார்தான். வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டின் இருட்டில் அந்த வயரைத் தொட்டுப் பார்த்தார். கோழிக்குஞ்சைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

"தம்பி, கரண்ட் போயிடுச்சாடா?" என்று சுவருக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது.

அசையாதார் நேர்மையான மனிதர்தான். ஆனால் நேர்மைக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டுமல்லவா?

"தெரியலயேக்கா. தெருவுல ஏதோ..." என்று இழுத்தார். தெருவில் எதிர்வீட்டு டி.வி. கணீரென்று பாடிக்கொண்டிருந்தது.

மனைவி ஷெட் வாசலில் வந்து நின்றாள். "தெருவுலயா?" என்றாள். அவ்வளவுதான். இருபத்துநாலு வருட இல்லறத்தில் கேள்விகளின் நீளத்தை வருடா வருடம் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது ஒரு சொல்லில் காரியத்தை முடித்துவிடுகிறாள்.

அசையாதார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. அவர் ஒரு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். வந்தவர் வாய்க்குள் சின்ன அட்டையை வைத்துக் கடிக்கச் சொல்லி, "அசையாதீங்க" என்று அதட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் உத்தியோகம். நாளுக்கு நாற்பது தடவை என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார். தெருவில் பாதிப் பேர் அவரிடம் வாயைத் திறந்தவர்கள். பெயர் வைத்தது அவர்கள். கடைசியில் ஒரு 'ஆர்' சேர்த்தது வயதுக்கான மரியாதை.

ஊரையெல்லாம் அசையாதே என்று சொல்லிப் பிழைக்கும் மனிதர் தன் வீட்டுக்கு வந்தால் ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போய்விடுவார். அங்கே சின்னதாக ஒரு வெல்டிங் மிஷின், ஒரு கிரைண்டர், ஒரு பட்டறை மேஜை. செருப்பு ஸ்டாண்ட், பூந்தொட்டி ஸ்டாண்ட், தண்ணீர்க் கேன் ஸ்டாண்ட் என்று ஸ்டாண்டாகவே செய்து தள்ளியிருந்தார். அத்தனைக்கும் ஒரு குடும்பச் சாயல் உண்டு: ஒரு கால் மட்டும் தரையில் படாது. உறவினர் வீடுகளில் அந்தக் காலுக்கடியில் மடித்த அட்டை ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கும். கேட்டால், "பிரமாதமா இருக்கு" என்பார்கள். அவரும் நம்புவார்.

இப்படி இருக்கையில்தான் அவருடைய டாக்டரம்மா புதிதாக இன்னொரு மருத்துவமனை திறக்க முடிவுசெய்தார். வாசல் கேட்டில் ஒரு இரும்புத் தகடு. தகட்டின் நடுவே கடைவாய்ப்பல் ஒன்றின் உருவம் வெட்டப்பட்டிருக்கவேண்டும். பின்னால் விளக்கு எரிந்தால் பல் மின்னவேண்டும். "நீங்கதான் இரும்பு வேலையெல்லாம் செய்வீங்களாமே, உங்களால..." என்று டாக்டர் ஆரம்பிப்பதற்குள், "முடியும் டாக்டர்" என்று சொல்லி முடித்துவிட்டார் அசையாதார். குடும்பத்துக்கு வெளியே ஒருவர் அவரிடம் ஒரு பொருளைக் கேட்டு வாங்குவது அதுதான் முதல் தடவை. அன்று மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார்.

கிரைண்டர் நேர்க்கோட்டில் போகும். பல் நேர்க்கோட்டில் போகாது. முதல் தகட்டில் கடைவாய்ப்பல் முள்ளங்கியாக வந்தது. இரண்டாவதில் உலரப்போட்ட கால்சட்டையாக வந்தது. மூன்றாவதைப் பார்த்து மனைவி, "இது என்ன, ஊர் மேப்பா?" என்றாள். தப்பு தன் கையில் இல்லை, கருவியில்தான் என்ற முடிவுக்கு அசையாதார் வந்தார். இந்த முடிவுக்கு வர அவருக்கு எப்போதுமே அதிக நேரம் ஆவதில்லை.

பிளாஸ்மா கட்டர் என்பது காற்றையே நெருப்பாக்கி இரும்பை அறுக்கும் சாதனம். பெரிய கம்பெனிகளில் யானை மாதிரி நிற்கும். இப்போது வீட்டுக்கென்று சூட்கேஸ் அளவில், மலிவாக வந்துவிட்டது. கடையில் இருந்ததிலேயே மலிவானதற்கு முன்னால் நின்று அசையாதார் கேட்டார்:

"இது வீட்டுக் கரண்ட்ல ஓடுமா?"

"வீட்டுக்குன்னே செஞ்சது சார்."

"என் வீட்டுல ஓடுமா?"

"உங்க வீடு எப்படி சார், வாடகையா சொந்தமா?"

"சொந்த வீடுதான்."

"அப்புறம் என்ன சார் கவலை!" என்று கடைக்காரர் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிடிக்கவில்லையென்றால் ஏழு நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அட்டைப்பெட்டி மட்டும் கிழியக்கூடாது என்றும் சொன்னார். ஓடுமா என்ற கேள்வி மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அசையாதார் அதை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெட்டியைப் பார்த்ததும் மனைவி கேட்டது வேறு. "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அக்கா என்னைக்கு எதை வேண்டாம்னு சொல்லியிருக்கா?"

"அதனாலதான் கேக்கறேன்" என்றாள் மனைவி.

அந்த வீடு அப்பா காலத்தில் ஒரே வீடு. பிறகு நடுவில் சுவர் வைத்து முன்பாதி அக்காவுக்கு, பின்பாதி தம்பிக்கு என்று ஆனது. பின்பாதியில் இடம் அதிகம், ஷெட்டும் உண்டு. "உனக்குத்தான் கையைக் காலை நீட்ட இடம் வேணும், நீ எடுத்துக்கோ" என்று அக்காதான் சொன்னாள். அவளுக்கு வந்தது தெருச் சத்தமும், புழுதியும், தெருக் கம்பத்திலிருந்து வரும் மின் இணைப்பும். அந்த ஒரே லைன் அக்கா வீட்டு முன் சுவரில் இறங்கி, அவள் பக்கத்து மெயின் பெட்டி வழியாகத்தான் தம்பி வீட்டுக்குப் போகும். எனவே தம்பி வீட்டில் தும்மினால் அக்கா வீட்டில் விளக்கு அணையும்.

அக்காவுக்கு அவரைவிட ஐந்து வயது அதிகம். புருஷன் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் எட்டு மாதம் கடலில். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷினை வைத்துக்கொண்டு பள்ளிச் சட்டைகளுக்கும் கம்பெனித் தொப்பிகளுக்கும் சின்னம் தைத்துக் கொடுக்கிறாள். அந்த மிஷினில் அவள் போடும் தையலுக்குத் தனி மதிப்பு. ஒரு நூல் பிசிறி நிற்காது.

அவளிடம் மூன்று பதில்கள் இருந்தன. 'பரவாயில்லடா', 'உன் இஷ்டம்டா', 'எனக்கென்னடா'. சின்ன வயதில் ஒற்றை சைக்கிளை யார் எடுத்துக்கொள்வது என்றபோது 'உன் இஷ்டம்டா'. அவள் கல்யாணத்துக்குத் தைத்த புதுப் போர்வையில் அவர் மையைக் கொட்டியபோது 'பரவாயில்லடா'. நாற்பத்தொன்பது வயதுவரை அசையாதார் இந்த மூன்றையும் சம்மதம் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டு சுகமாக வாழ்ந்துவந்தார்.

அன்று ஞாயிறு மாலை டார்ச்சைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு மெயின் பெட்டிக்குப் போய், விழுந்து கிடந்த பிரேக்கரைத் தூக்கிவிட்டார். விளக்கு வந்தது. மிஷினும் விழித்துக்கொண்டது. ஒரு பள்ளி விளையாட்டுப் போட்டிக்காக நூற்றைம்பது சட்டைகள். ஒவ்வொன்றின் மார்பிலும் பாய்ந்தோடும் குதிரை ஒன்று. அக்கா விட்ட இடத்திலிருந்து தைக்கச் சொன்னாள். மிஷினோ, விட்ட இடம் எது என்பதில் ஒரு விரல்கடை தடுமாறியது. அதுவரை தைத்தது ஒரு குதிரை, அதற்கப்புறம் தைத்தது வேறொரு குதிரையின் பின்பாதி. முடிந்தபோது குதிரைக்கு வால் இரண்டு.

"நான்தான்க்கா" என்றார் அசையாதார். வாலைப் பார்த்தபின் தெருவின்மேல் பழிபோட மனம் வரவில்லை.

"தெரியும்டா. அந்தப் பக்கம் 'டப்'புனு கேட்டுச்சே."

"தொந்தரவா போச்சா?"

"சேச்சே, ஒரு சட்டைதானே. பரவாயில்லடா." அக்கா சட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "வேகமா ஓடுற குதிரைக்கு வால் ரெண்டாத்தான் தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். அசையாதார் நிம்மதியாக வீடு திரும்பினார்.

மறுநாள் மாலை வயர்மேன் வந்தார். அந்த வட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான். கழுத்தில் டெஸ்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு, நோயாளி வீட்டுக்கு வந்த டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். அசையாதார் தன் யோசனையை முன்வைத்தார்:

"பிரேக்கர் சின்னதா இருக்கு, அதான் விழுது. பெருசா ஒண்ணு மாத்திட்டா போதும். எனக்கும் கரண்ட் பத்திக் கொஞ்சம் தெரியும். எழுபதாயிரம் வோல்ட் மிஷினை தினம் கையாளறவன் நான்."

"வோல்ட்ட விடுங்க சார், இங்க விஷயம் ஆம்பியர்" என்றார் வயர்மேன். "வயரு தாங்கறதுக்குத் தகுந்தாப்லதான் பிரேக்கர். வயரை மாத்தாம பிரேக்கரை மட்டும் பெருசாக்கினா, கரண்ட் போகாது சார். வீடு போயிடும்."

அசையாதார் அதற்குப் பிறகு எழுபதாயிரத்தைப் பற்றிப் பேசவில்லை.

வயர்மேன் தரையில் குந்தி, கட்டரின் முதுகில் ஒட்டியிருந்த சின்னத் தாளைப் படித்தார். முழு வேகத்தில் வைத்தால் இது ஒன்றே வீட்டின் பாதிக் கரண்டைக் குடித்துவிடும் என்றார். கம்ப்ரஸர் கிளம்புகிற அந்த ஒரு நொடி இன்னொரு மடக்கு. ரெண்டும் சேர்ந்து கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் நடக்கும். மெயின் பெட்டியிலிருந்து கனமான வயரில் தனி லைன், அதற்கென்று தனி பிரேக்கர், எர்த், கொழுத்த பிளக். கம்ப்ரஸருக்கு வேறு லைன். முதலில் காற்றை நிரப்பிக்கொள்ளவேண்டும், அப்புறம்தான் வெட்டவேண்டும். மெல்லிய தகடுதானே, கட்டரைப் பாதி அளவில் வைத்தாலே அறுக்கும்.

"இப்படியெல்லாம் செஞ்சா ஓடுமா?"

"செஞ்சு பாக்கலாம் சார்."

"இல்ல, ஓடுமா ஓடாதா?"

"ஓடாதுன்னு சொல்ல முடியாது சார்" என்றார் வயர்மேன், மிகுந்த யோசனைக்குப் பிறகு.

செவ்வாய் முழுக்க அக்கா வீட்டு முன் சுவரிலிருந்து பின்பக்க ஷெட்வரை குழாய் அடித்து வயர் இழுத்தார்கள். துளைபோடும் சத்தத்தில் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, வயர்மேனுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எனக்கென்னடா, சுவர்தானே" என்றாள்.

புதன்கிழமை மாலை அசையாதார் காற்றை நிரப்பினார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஆற்றில் குதிக்கப்போகிறவர் சாமியைக் கும்பிடுவதுபோல ஒரு முறை கண்ணை மூடித் திறந்துவிட்டு, விசையை அழுத்தினார்.

விளக்கு அணையவில்லை. நுனியில் நீலமாய் ஒரு தீப்பொட்டு துளிர்த்தது. தகட்டுக்கு அடியில் பொறி மழையாகக் கொட்டியது. இரும்பு, வெண்ணெய் வழிவிடுவதுபோல வழிவிட்டது. கையை வளைத்தால் வெட்டும் வளைந்தது. இத்தனை வருடமாக இரும்போடு மல்லுக்கட்டியே பழகிய கைக்கு இது ஏதோ பரிசு கிடைத்தமாதிரி இருந்தது. முதல் பல்லை வெட்டி முடித்து, துண்டு 'டங்'கென்று தரையில் விழுந்தபோது அசையாதார் தனியாக ஷெட்டுக்குள் நின்று கைதட்டினார்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பல்லு மாதிரியே இருக்கு" என்றாள்.

"பல்லுதான்டி."

"அதான் சொல்றேன், பல்லு மாதிரியே இருக்கு."

ஓரங்கள் இன்னும் கொஞ்சம் நெளிந்தன. ஒரு வேர் தடித்தும் ஒரு வேர் மெலிந்தும் இருந்தன. ஆனால் இருபதடி தூரத்திலிருந்து யார் பார்த்தாலும் வலிக்கும். அப்படி ஒரு அசல் கடைவாய்ப்பல். இன்னும் நாலைந்து பழகிவிட்டால் டாக்டரம்மாவின் தகட்டைத் தொட்டுவிடலாம்.

"அக்கா, கரண்ட் இருக்கா?" என்று சுவருக்கு மேலாகக் கத்தினார்.

"ஜம்முனு இருக்குடா!" என்று பதில் வந்தது.

புதன், வியாழன், வெள்ளி. மூன்று மாலையும் அதே கேள்வி, அதே பதில். அட்டைப்பெட்டியைப் பரணில் போட்டுவிடலாமா என்று யோசித்தார். திருப்பிக் கொடுக்க ஞாயிறு மாலைவரை நாள் இருந்தது. ஆனால் திருப்பிக் கொடுக்கப்போவது யார்?

சனிக்கிழமை மதியத்தோடு மருத்துவமனை மூடிவிடும். சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்து கம்ப்ரஸரைத் தட்டிவிட்டார். தடதடவென்று ஓடியது. காற்று நிறைந்து அது தானாக நின்றதும், சுவருக்கு அந்தப் பக்கம் 'டகடகடக' என்று அக்காவின் மிஷின் கிளம்பும் சத்தம் கேட்டது. அதுவரை அது ஓடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கட்டரைத் தொடாமல், காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டார். கம்ப்ரஸர் மறுபடி தடதடத்தது. அந்தப் பக்கம் டகடக சட்டென்று நின்றது.

கம்ப்ரஸரை அணைத்தார். ஐந்து எண்ணுவதற்குள் டகடக வந்தது.

போட்டார். நின்றது.

அணைத்தார். வந்தது.

"தற்செயல்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு இன்னொரு முறை போட்டார். நின்றது. கம்ப்ரஸரை ஓடவிட்டபடியே கேட்டைத் திறந்து, தெரு வழியாகச் சுற்றி, அக்கா வீட்டு முன்னறை ஜன்னலுக்கு வந்தார்.

அக்கா மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மடியில். மறுகையின் ஆள்காட்டி விரல் பச்சைப் பட்டனுக்கு மேலே, அதைத் தொடாமல் நின்றது. தலை சுவர்ப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் முகத்தில் இருக்கிற அதே பொறுமை. அவள் உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது.

உள்ளே போனார். அக்கா விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னக்கா, மிஷின் ஓடல?"

"சும்மா கொஞ்சம் ரெஸ்ட்டுடா. முதுகு."

"எத்தனை முடிஞ்சுது?"

"ஆச்சு... பாதி ஆகப்போகுது."

எண்ணினார். மடித்து அடுக்கியது அறுபத்திரண்டு. திங்கட்கிழமை காலை நூற்றைம்பதும் போயாகவேண்டும். மேஜைக்கடியில் துணி போட்டு மூடிய கூடை ஒன்று இருந்தது. அக்கா காலால் அதை இன்னும் உள்ளே தள்ளியதால்தான் அது அவர் கண்ணில் பட்டது. துணியை விலக்கினார். கழுத்திலிருந்து கால் முளைத்த குதிரை, தலையில்லாத குதிரை, வயிற்றுக்கு நடுவே வானத்தைப் பார்க்கும் இன்னொரு தலையோடு ஒரு குதிரை. ஏழு சட்டைகள்.

"கரண்ட்தான் போகலையே, அப்புறம் எப்படிக்கா?"

"கரண்ட் போகலடா, அது ஜம்முனுதான் இருக்கு. நீ அந்தப் பக்கம் பொறி விடறப்ப இங்க ஸ்கிரீன் ஒரு சிமிட்டு சிமிட்டும். அப்ப ஊசி தான் எங்க இருக்கோம்னு மறந்துடுது. அவ்வளவுதான். உன் கம்ப்ரஸர் சத்தம் கேட்டதும் நிறுத்திட்டா ஒண்ணும் ஆகறதில்ல. அது நின்னதும் அஞ்சு எண்ணிப் பாத்து, பொறிச் சத்தம் இல்லேன்னாத்தான் திரும்ப ஓட்டுவேன். நான் பழகிட்டேன்."

"இப்படியே நிறுத்தி நிறுத்தி நூத்தைம்பது எப்ப முடிப்ப?"

"காலையில நீ எழுந்திருக்கிறதுக்கு முன்ன நாலு மணிக்கே உக்காந்துடறேன். பரவாயில்லடா."

அசையாதார் அங்கேயே நின்று வயர்மேனுக்கு போன் போட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வயர்மேன் அந்தப் பக்கம் உச்சுக்கொட்டினார். விலை குறைந்த கட்டர்கள் முதல் பொறியைப் பற்றவைக்கும்போது ஒரு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி சுற்றியும் இரைச்சல் விடும், பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்த மிஷின் எது இருந்தாலும் அதற்குப் புத்தி தடுமாறும் என்றார். தனி எர்த்தும் கொடுத்தாகிவிட்டது. இதற்குமேல் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றும், அந்தப் பக்கம் ஒன்றும் இருக்கிறவரைக்கும்...

"சரியாகுமா, ஆகாதா?"

"கொறைக்கலாம் சார். போயிடும்னு சொல்ல முடியாது. அக்கா என்ன சொல்றாங்க?"

அதானே. அக்கா என்ன சொல்கிறாள்?

போனை வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். முழங்கால்கள் இடித்துக்கொண்டன.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லணும். என் கட்டர் உனக்குத் தொந்தரவா இருக்கா, இல்லையா?"

"உனக்கு அந்த டாக்டரம்மா வேலை இருக்கேடா."

"அதை நான் கேக்கல."

"நீ எவ்வளவு ஆசையா வாங்கின."

"அதையும் கேக்கல."

"வெளிய யாரோ ஒருத்தர் உன்னை நம்பி ஒரு வேலை குடுத்திருக்காங்க. அன்னைக்கு வந்து சொன்னப்ப உன் முகத்தைப் பார்த்தேனே..."

"அக்கா."

"உன் இஷ்டம்டா. எனக்கென்ன. டீ போடட்டுமா?" என்று அவள் எழுந்தாள்.

அசையாதாருக்கு வேறு வழி தெரியவில்லை. வாயில் தன்பாட்டுக்கு வந்தது இருபத்திரண்டு வருடக் குரல்.

"அசையாதீங்க!"

அக்கா பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றாள்.

"உக்காருங்க. வாயைத் திறங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. அக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கூடையைப் பார்த்தாள். அடுக்கிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, அதன் பிசிறில்லாத நூலை, பிசிறிருப்பதுபோலத் தடவினாள். பின்பக்கம் கம்ப்ரஸர் நிறைந்து தானாக நின்றது. பச்சைப் பட்டனை நோக்கி அவள் விரல் தன்னையறியாமல் போய், திரும்பி வந்தது. அசையாதார் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.



"தொந்தரவா இருக்குடா. ரொம்பத் தொந்தரவா இருக்கு. நாலு நாளா ஒழுங்கா தூங்கல. காதை எந்நேரமும் உன் சுவத்துலயே வெச்சுட்டு உக்காந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்குங்குது." குரல் அவளுக்கே புதிதாக இருந்திருக்கவேண்டும், ஒரு கணம் நிறுத்தி, அது தன்னுடையதுதானா என்று கேட்டுப் பார்ப்பவள்போல இருந்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள். "எனக்கு அது வேண்டாம். நாளைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடு."

வேண்டாம்.

வலிக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். வலித்தது, நீலத் தீப்பொட்டை நினைத்தபோது சுருக்கென்று வலித்தது. ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் சில சமயம் வருமே, வாயெல்லாம் லேசாகி, நாக்கு திரும்பத் திரும்பப் போய்த் தடவிப்பார்க்கிற ஒரு நிம்மதி, அதுவும் கூடவே வந்தது. நாற்பத்தொன்பது வருடத்தில் அக்கா அவரிடம் சொன்ன முதல் வேண்டாம். யாரோ தன்னைப் பெரிய ஆளாக மதித்துவிட்டமாதிரி இருந்தது.

"சரிக்கா" என்றார். "குடுத்துடறேன்." கொஞ்சம் பொறுத்து, "அப்ப பல்லு?" என்றார்.

"வெட்டிக் குடுக்கிற கடைக்குக் கொண்டுபோய் வெட்டிக்கோ. கேட்டுல வெல்டு வெச்சு ஒட்டுறதை நீ செய். உனக்கு ஒட்டத்தான் வரும், நல்லா வரும். வெட்ட வராது."

"மிஷின்ல கூடவா?"

"எதுலயும் வராதுடா. ரெண்டாம் வகுப்புல காகிதத்துல கப்பல் வெட்டினியே, அப்பவே வராது."

இப்படி ஒரு பதிலை இத்தனை வருடத்தில் ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. அசையாதாருக்கு ருசி கண்டுவிட்டது. ஸ்டூலை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற ஏதாவது இருக்காக்கா?"

அக்கா சட்டையை மடித்து மேஜைமேல் வைத்தாள். மிஷினை அணைத்தாள்.

"இருக்கு" என்றாள். "நிறைய இருக்கு."